பால்போசிக்ளிப்: சோதனை ஆய்வில் 24.8 மாதம், நடைமுறைத் தரவில் 19.3 மாதம். எந்த எண்ணை நம்புவது?

குடந்தைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தாயாருக்கு வயது 68. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் மார்பகப் புற்றுநோய்க்காக அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் முடித்து, ஐந்து ஆண்டுகள் ஹார்மோன் மாத்திரை உட்கொண்டு, அதையும் நிறுத்தி மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டதால், அந்தக் கவலை தீர்ந்தது என்றே நாங்கள் இருந்தோம். சென்ற மார்கழியில் இடுப்பு வலி தொடங்கியபோது மூட்டுத் தேய்மானம் என்று எண்ணித் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். பெட் ஸ்கேன் எடுத்தபோது இடுப்பெலும்பிலும் இரண்டு முதுகெலும்புகளிலும் நோய் பரவியிருப்பதும், நுரையீரலில் சிறு புள்ளிகள் இருப்பதும் தெரிந்தன. திசுப் பரிசோதனையில் ஹார்மோன் ஏற்பி பாசிட்டிவ், ஹெர்-2 நெகட்டிவ், அதாவது ஹார்மோனின் தூண்டுதலால் வளரும் வகை என்று வந்தது.

மருத்துவர் கீமோ வேண்டாம் என்று சொல்லி, தினமும் ஹார்மோன் மாத்திரையான லெட்ரோசோல் 2.5 மி.கி., அதனுடன் புற்றுச் செல்கள் பெருகுவதைத் தடுக்கும் பால்போசிக்ளிப் 125 மி.கி. 21 நாள் எடுத்து 7 நாள் விடும் முறையில் எழுதிக்கொடுத்தார். முதல் சுற்று முடிந்து இரண்டாம் சுற்றைத் தொடங்க வேண்டிய நாளில் ரத்தம் பார்த்ததில் தொற்றை எதிர்க்கும் வெள்ளணுக்களான நியூட்ரோஃபில்களின் எண்ணிக்கை 840 என்று குறைவாக வந்தது. ஒரு வாரம் மாத்திரையை நிறுத்திவைக்கச் சொல்லியிருக்கிறார்.

இந்த ஒரு வாரத்தில் நான் இணையத்தில் படித்தவை என்னைத் தூங்கவிடவில்லை. பலோமா-2 என்ற ஆய்வில் இந்த மருந்தை எடுத்தவர்களுக்கு நோய் முன்னேறாமல் இருந்த காலம் 24.8 மாதம் என்று இருக்கிறது. அமெரிக்காவில் சாதாரண மருத்துவமனைகளில் சிகிச்சை பெற்றவர்களின் தரவைக் கொண்டு செய்த ஆய்வில் அதே காலம் 19.3 மாதம் என்று இருக்கிறது. முதல் ஆய்வு இந்த மருந்தால் ஆயுள் கூடியதாக உறுதிப்படவில்லை என்கிறது. இரண்டாவது, ஆயுள் கூடியது என்கிறது. ஒன்றில் மருந்தின் பயன் பெரிதாகத் தெரிகிறது, மற்றதில் சிறிதாகத் தெரிகிறது. ஆனால் ஆயுள் என்று வரும்போது இரண்டும் தலைகீழாக நிற்கின்றன. என் தாயாருக்குப் பொருந்துவது இவற்றில் எது? மாத்திரையை நிறுத்தி நிறுத்தி எடுத்தாலோ அளவைக் குறைத்தாலோ பயன் குறைந்துவிடுமா? ஆயுள் கூடும் என்று உறுதியாக நிறுவப்பட்டது இதே வகையைச் சேர்ந்த ரிபோசிக்ளிப்தான் என்றால், அதை ஏன் எங்களுக்குக் கொடுக்கவில்லை? விவரம் அறிந்தவர்கள் பொறுமையுடன் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

தரவாய்வன் எழுதியது:

ஐயா, நான் மருத்துவன் அல்லன். மருத்துவ ஆய்வுகளின் புள்ளியியல் பகுதியில் பதினான்கு ஆண்டுகளாகப் பணி செய்கிறேன். ஆகவே உங்கள் தாயாருக்கு என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்ல முடியாது. அந்த எண்கள் எப்படிப் பிறந்தன என்று சொல்ல முடியும்.

முதலில் 24.8 மாதம் என்பது என்ன என்று தெளிவாகப் பார்த்துவிட வேண்டும், ஏனெனில் பெரும்பாலான குடும்பங்கள் இதை மருத்துவர் குறித்துக் கொடுத்த கெடு போல எடுத்துக்கொண்டு வருந்துகின்றன. பலோமா-2 ஆய்வில் மாதவிடாய் நின்ற 666 பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். குலுக்கல் முறையில் 444 பேருக்கு லெட்ரோசோலுடன் பால்போசிக்ளிப்பும், 222 பேருக்கு லெட்ரோசோலுடன் மருந்தற்ற போலி மாத்திரையும் தரப்பட்டன. நோய் முன்னேறாமல் இருந்த காலத்தின் இடைநிலை அளவு முதல் பிரிவில் 24.8 மாதம், இரண்டாம் பிரிவில் 14.5 மாதம். இடைநிலை என்றால் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நோய் அதற்கு முன்பே முன்னேறியது, மீதிப் பாதிப் பேர் அதைத் தாண்டிச் சென்றார்கள் என்று பொருள். தாண்டியவர்களில் சிலர் சில மாதங்கள் மட்டும் தாண்டினார்கள், சிலர் பல ஆண்டுகள் தாண்டினார்கள். ஒரு தனி மனிதருக்கு அந்த எண் எதையும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

இனி 19.3 மாதம். அது பி-ரியாலிட்டி எக்ஸ் என்ற ஆய்வின் எண். ஃபிளாட்டயர்ன் என்ற நிறுவனம் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவமனைகளின் மின்னணுப் பதிவுகளைத் திரட்டி வைத்திருக்கிறது. அந்தப் பதிவுகளிலிருந்து 2,888 பேரை எடுத்து, பால்போசிக்ளிப்பும் ஹார்மோன் மாத்திரையும் சேர்த்துப் பெற்ற 1,324 பேரையும், ஹார்மோன் மாத்திரை மட்டும் பெற்ற 1,564 பேரையும் ஒப்பிட்டார்கள். நோய் முன்னேறாத காலம் 19.3 மாதம், 13.9 மாதம் என்று வந்தது. உயிர்வாழ்ந்த காலம் 49.1 மாதம், 43.2 மாதம் என்று வந்தது.

நீங்கள் 24.8ஐ எடுத்து 19.3க்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறீர்கள். கவலை பிறப்பது அந்த இடத்தில்தான், தவறும் அங்கேதான் இருக்கிறது. ஒரு ஆய்வின் எண்ணை அதே ஆய்வின் மறு பிரிவுடன் மட்டுமே ஒப்பிடலாம். இரண்டு ஆய்வுகளிலும் சேர்ந்தவர்கள் ஒரே வகையினர் அல்லர். பலோமா-2வில் மூளைக்குப் பரவிய நோய் கட்டுப்படாமல் இருந்தவர்களையும், உள்ளுறுப்புகள் செயலிழக்கும் அவசர நிலையில் இருந்தவர்களையும் சேர்க்கவில்லை. நடமாட்டமும் உறுப்புகளின் இயக்கமும் ஓரளவு நன்றாக இருந்தவர்களே சேர்ந்தார்கள். நடைமுறைத் தரவில் அப்படி வாசலில் நின்று வடிகட்டுபவர் யாரும் இல்லை. சிறுநீரகம் தளர்ந்தவர், இதயம் பழுதுபட்டவர், தனியாக வாழ்ந்து மாத்திரையை மறப்பவர் எல்லோரும் அதில் இருப்பார்கள்.

அதோடு, 'நோய் முன்னேறியது' என்று யார், எதைக் கொண்டு சொல்கிறார்கள் என்பதும் வேறு. பலோமா-2வில் 12 வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்து, கட்டியின் அளவை வகுக்கப்பட்ட விதிப்படி அளந்தார்கள். நடைமுறைத் தரவில் மருத்துவர் தம் குறிப்பில் என்ன எழுதினாரோ அதுவே ஆதாரம். வலி கூடியது என்பதற்காக ஒருவர் சிகிச்சையை மாற்றியிருக்கலாம். அப்போது காலம் குறைவாகத் தெரியும். இன்னொருவர் எட்டு மாதம் ஸ்கேனே எடுக்காமல் இருந்திருக்கலாம். அப்போது காலம் கூடுதலாகத் தெரியும். பிழை இரு பக்கமும் நிகழும்.

இதனால் நடைமுறைத் தரவு பயனற்றது என்று சொல்ல வரவில்லை. ஆண்களுக்கும் மார்பகப் புற்றுநோய் வரும். ஆனால் எண்ணிக்கை மிகக் குறைவு என்பதால் அவர்களுக்கென்று பெரிய சோதனை ஆய்வு நடத்துவது கடினம். 2019 ஏப்ரலில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஆண்களுக்கும் பால்போசிக்ளிப்பை அனுமதித்தபோது, ஏற்கெனவே இந்த மருந்தைப் பெற்றிருந்த ஆண்களின் நடைமுறைத் தரவையே பெரிதும் சார்ந்திருந்தது. சோதனை ஆய்வு போகாத இடத்துக்கு இந்தத் தரவு போகிறது.

ஆனால் அதற்கு ஒரு பெரிய குறை உண்டு. குலுக்கல் முறையில் யாருக்கு எந்த மருந்து என்பதைச் சீட்டுத்தான் முடிவு செய்கிறது. நடைமுறையில் மருத்துவர் முடிவு செய்கிறார். 2015க்குப் பிறகு அமெரிக்காவில் ஒருவருக்குப் பால்போசிக்ளிப் இல்லாமல் ஹார்மோன் மாத்திரை மட்டும் கொடுத்தார்கள் என்றால் அதற்கு ஒரு காரணம் இருந்திருக்கும். மிகவும் முதியவராக, தளர்ந்தவராக இருந்திருக்கலாம். காப்பீடு ஒத்துக்கொள்ளாமல் இருந்திருக்கலாம். நோயே மெதுவானதாக இருந்திருக்கலாம். வயது, பரவிய உறுப்புகள் போன்ற பதிவான காரணங்களை எடைபோட்டுச் சமன் செய்யப் புள்ளியியலில் வழிகள் உண்டு, அந்த ஆய்விலும் அதைச் செய்திருக்கிறார்கள். பதிவில் இல்லாததை, அதாவது மருத்துவர் நோயாளியின் முகத்தைப் பார்த்து எடுத்த முடிவை, எந்தக் கணக்கும் சமன் செய்யாது. அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது மருந்தைத் தயாரிக்கும் ஃபைசர் நிறுவனம்தான் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அதனால் மட்டும் முடிவு பொய்யாகிவிடாது.

ஆயுள் பற்றிய முரண்பாட்டுக்கு வருகிறேன். பலோமா-2வின் இறுதி முடிவு 2022இல் வெளியானது: பால்போசிக்ளிப் பிரிவில் உயிர்வாழ்ந்த காலம் 53.9 மாதம், போலி மாத்திரைப் பிரிவில் 51.2 மாதம். தற்செயலாலும் விளையக்கூடிய அளவு வேறுபாடுதான் அது. ஆனால் அதில் ஒரு பழுது இருந்தது. பால்போசிக்ளிப் பிரிவில் 13 விழுக்காட்டினரும், போலி மாத்திரைப் பிரிவில் 21 விழுக்காட்டினரும் என்ன ஆனார்கள் என்ற செய்தி கிடைக்கவில்லை. ஐந்தில் ஒருவர் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் ஆயுளை ஒப்பிடுவது, கணக்குப் புத்தகத்தில் பல பக்கங்கள் கிழிந்த பிறகு லாபநட்டம் பார்ப்பதற்குச் சமம். அவர்களை விலக்கிவிட்டுக் கணக்கிட்டபோது 51.6 மாதம், 44.6 மாதம் என்று வந்தது. அதையும் உறுதி என்று எடுத்துக்கொள்ள முடியாது, ஏனெனில் விலக்குவதும் ஒரு வகையில் கணக்கைச் சாய்ப்பதுதான்.

என் கணிப்பு இது: இந்த மருந்து நோயைத் தள்ளிப்போடுகிறது என்பது உறுதி, குலுக்கல் ஆய்விலும் நடைமுறையிலும் ஒரே திசையில் தெரிகிறது. முதல் சிகிச்சையாகத் தரும்போது ஆயுளைக் கூட்டுகிறது என்பது பால்போசிக்ளிப்பைப் பொறுத்தவரை நிறுவப்படவில்லை, மறுக்கப்படவும் இல்லை. ரிபோசிக்ளிப்புக்கு மோனலீசா-2 ஆய்வில் 63.9 மாதத்துக்கு எதிராக 51.4 மாதம் என்று 2022இல் நிறுவப்பட்டது. இவ்வகையின் மூன்றாவது மருந்தான அபெமாசிக்ளிப்புக்கு மோனார்க்-3 ஆய்வில் 66.8க்கு எதிராக 53.7 என்று வந்தது. எண் பெரிதாகத் தோன்றினாலும் அவர்கள் வகுத்திருந்த புள்ளியியல் எல்லையை அது எட்டவில்லை.

தாமிரபரணி எழுதியது:

குடந்தைவாசி தம்பிக்கு, உங்கள் கேள்வியில் எனக்குத் தெரிந்த பகுதி ஒன்றே ஒன்றுதான்: அளவைக் குறைத்தால் பயன் போய்விடுமா என்பது. என் மனைவி இதே மருந்தை மூன்று ஆண்டுகளும் நான்கு மாதங்களும் எடுத்தாள்.

125இல் தொடங்கினோம். முதல் நான்கு சுற்றுகளில் மூன்று முறை தள்ளிப்போட்டார்கள். ஒவ்வொரு முறையும் ரத்த அறிக்கையை வாங்கும்போது எனக்குக் கை நடுங்கும், ஏனென்றால் ஒரு வாரம் மாத்திரை இல்லாமல் போனால் அந்த ஒரு வாரத்தில் நோய் வளர்ந்துவிடும் என்று நான் மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஐந்தாம் சுற்றில் 100க்குக் குறைத்தார்கள். இரண்டாம் ஆண்டில் 75க்குக் குறைத்தார்கள். 75 மி.கி. எடுத்த காலத்தில்தான் அவள் நன்றாக இருந்தாள். காலையில் வாசல் தெளித்துக் கோலம் போடும் அளவுக்குச் சோர்வு விலகியது, ஸ்கேனிலும் இரண்டு ஆண்டுகள் மாற்றமே இல்லை. எங்கள் மருத்துவர் ஒருமுறை சொன்னார்: இது கீமோ போல ரத்த அணுக்களை உருவாக்கும் செல்களைக் கொல்வதில்லை, அவை பெருகுவதை நிறுத்திவைக்கிறது, நிறுத்தினால் சில நாளில் அவை மீண்டும் வேலை செய்யத் தொடங்கும் என்று. அதன் பிறகுதான் அந்த ஒரு வாரத்தை நான் பயமில்லாமல் கடந்தேன்.

ஒரு செய்தி மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வீட்டில் தெர்மாமீட்டர் இருக்கட்டும். நியூட்ரோஃபில் குறைந்திருக்கும் வாரத்தில் காய்ச்சல் கண்டால் கசாயம் வைத்துக் கொடுத்துக் காலையில் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். இரவென்றாலும் மருத்துவமனைக்கு அழைத்துப் போய்விடுங்கள். எங்களுக்கு அப்படி ஒரே ஒருமுறை நேர்ந்தது, நேரத்தோடு போனதால் மூன்று நாளில் வீடு திரும்பினோம்.

மூன்றாண்டு நான்கு மாதத்துக்குப் பிறகு கல்லீரலில் நோய் தெரிந்தது. இப்போது ஊசி மருந்துக்கு மாறியிருக்கிறோம். இதையும் மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் நீங்கள் மறைக்காமல் கேட்டிருக்கிறீர்கள்.

கடல்கடந்தவன் எழுதியது:

நான் நெதர்லாந்தில் புற்றுநோய் மருத்துவத்தில் பயிற்சி பெற்றுவரும் மருத்துவன். தரவாய்வன் அவர்கள் எழுதியதில் எனக்குப் பெரும்பாலும் உடன்பாடுதான். ஆனால் இந்த மருந்து இன்றியமையாதது, ஒரு நாள் தவறினாலும் இழப்பு என்ற அச்சம் இக்குடும்பத்தை வாட்டுவதால், இந்த நாட்டில் நடந்த சோனியா என்ற ஆய்வைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த ஆய்வை மருந்து நிறுவனங்கள் தொடங்கவில்லை. இங்குள்ள மருத்துவர்களே தொடங்கினார்கள். 1,050 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவுக்கு இந்த வகை மருந்தை முதல் சிகிச்சையிலேயே கொடுத்தார்கள். மற்றப் பிரிவுக்கு முதலில் ஹார்மோன் மாத்திரை மட்டும் கொடுத்து, நோய் முன்னேறிய பிறகே ஃபுல்வெஸ்ட்ரன்ட் என்ற ஹார்மோன் சிகிச்சை ஊசியுடன் இம்மருந்தைச் சேர்த்தார்கள். இரண்டு சிகிச்சைகளும் முடிந்து நோய் இரண்டாம் முறை முன்னேறும் வரையிலான காலத்தை ஒப்பிட்டபோது 31.0 மாதம், 26.8 மாதம் என்று வந்தது. வேறுபாடு புள்ளியியல் முறைப்படி உறுதியாகவில்லை. ஆனால் முதலில் தொடங்கியவர்கள் இம்மருந்தை எடுத்த காலத்தின் இடைநிலை 24.6 மாதம், பிறகு தொடங்கியவர்களுக்கு 8.1 மாதம். பதினாறு மாதங்கள் கூடுதலாக மாத்திரை, அதற்கேற்ற பக்கவிளைவு, அதற்கேற்ற செலவு. இந்த முடிவு 2023இல் முதலில் அறிவிக்கப்பட்டு 2024இல் நேச்சர் இதழில் வெளியானது.

உங்கள் தாயாரிடம் மருந்தை நிறுத்துங்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. எலும்பிலும் நுரையீரலிலும் நோய் இருக்கும்போது முதலிலேயே தொடங்குவது பெரும்பாலான மருத்துவர்கள் செய்வதுதான். நானும் அதையே செய்திருப்பேன். ஒரு வாரத் தாமதத்தால் கைவிட்டுப் போகிற மருந்து அன்று இது என்பதற்காக மட்டும் சொல்கிறேன். மாதக்கணக்கில் பிந்தித் தொடங்கியவர்களுக்கே முடிவில் பெரிய இழப்பு நிறுவப்படவில்லை என்றால், ஏழு நாளுக்காக நீங்கள் தூக்கத்தை விட வேண்டியதில்லை.

வயதைப் பற்றியும் ஒன்று. பிரான்சில் பலோமாஜ் என்ற நடைமுறை ஆய்வு 70 வயதைக் கடந்த பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டது. எண்ணூறுக்கும் மேற்பட்டோர், இடைநிலை வயது 79. சோதனை ஆய்வுகளில் அரிதாகவே இடம் பெறும் வயது இது. அவர்களில் காய்ச்சலோடு கூடிய நியூட்ரோஃபில் குறைவு ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்கே ஏற்பட்டது. எனக்கு நடைமுறைத் தரவின் உண்மையான மதிப்பு இங்கேதான் தெரிகிறது: 79 வயதுப் பாட்டிக்கு இதைக் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு, இடைநிலை வயது 62 ஆக இருந்த பலோமா-2 விடை சொல்லாது.

தரவாய்வன் எழுதியது:

கடல்கடந்தவன் அவர்களே, சோனியாவை நினைவூட்டியதற்கு நன்றி, ஆனால் அதை இங்கே பொருத்தும்போது இரண்டு தடைகள் உள்ளன. சோனியாவில் பத்தில் ஒன்பது பேர் பெற்றது பால்போசிக்ளிப். ஆகவே அந்த முடிவை மற்ற இரண்டு மருந்துகளின் மேல் அப்படியே ஏற்றிவிட முடியாது. அடுத்தது இன்னும் முக்கியமானது. 'பிறகு கொடுக்கலாம்' என்பது பிறகு என்ற ஒன்று வரும் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. நெதர்லாந்தில் காப்பீடு உண்டு, நோயாளி தொடர்ந்து வருகிறார், நோய் முன்னேறிய மாதத்திலேயே அது தெரிந்துவிடுகிறது. நம் ஊரில் இரண்டாம் சிகிச்சைக்கு வந்து சேராமலே போகிறவர்களை நான் தரவில் பார்க்கிறேன். அவர்கள் ஏன் வரவில்லை என்று எழுதும் கட்டம் எந்தப் படிவத்திலும் இல்லை.

மூன்று மருந்துகளில் எது சிறந்தது என்று நடைமுறைத் தரவைக் கேட்டாலும் ஒருமித்த விடை கிடைக்கவில்லை. 9,000க்கும் மேற்பட்ட அமெரிக்க நோயாளிகளின் பதிவைக் கொண்டு செய்த ஓர் ஆய்வு, ஆயுளில் மூன்றுக்கும் வேறுபாடு இல்லை என்றது. அதற்குப் பணம் கொடுத்ததும் ஃபைசர்தான். இத்தாலியின் பால்மரெஸ்-2, நோய் முன்னேறாத காலத்தில் ரிபோசிக்ளிப்பும் அபெமாசிக்ளிப்பும் பால்போசிக்ளிப்பை முந்தின என்றது. ஒன்று ஆயுளை அளந்தது, மற்றது நோய் முன்னேறாத காலத்தை அளந்தது என்பதால் இவை நேருக்கு நேர் மோதுவதாகவும் சொல்ல முடியாது.

கடல்கடந்தவன் எழுதியது:

'பிறகு' வருமா என்ற உங்கள் வாதத்தை ஒப்புக்கொள்கிறேன். சோனியாவைப் பற்றி இந்தியாவிலிருந்து வந்த மருத்துவர்களுடன் பேசும்போது நானே அதை மறந்துவிடுகிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: நோய் வேகமாக இருக்கும்போது கீமோதான் வேண்டும், மாத்திரையை நம்பக் கூடாது என்று உறவினர்கள் வற்புறுத்துவது நம் குடும்பங்களில் மிகவும் உண்டு. ரைட் சாய்ஸ் என்ற ஆய்வில், மாதவிடாய் நிற்காத, நோய் தீவிரமாக இருந்த 222 பெண்களில் ரிபோசிக்ளிப்பும் ஹார்மோன் சிகிச்சையும் பெற்றவர்களுக்கு நோய் முன்னேறாத காலம் 21.8 மாதம், இரு மருந்துக் கீமோ பெற்றவர்களுக்கு 12.8 மாதம். உங்கள் மருத்துவர் கீமோ வேண்டாம் என்றது அலட்சியத்தால் அன்று.

மருந்தாளுநர்_விருதை எழுதியது:

நான் இருபது ஆண்டுகளாக மருந்தகத்தில் நிற்பவள். ரிபோசிக்ளிப்பை ஏன் கொடுக்கவில்லை என்ற கேள்விக்கு யாரும் இன்னும் விடை சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். தம்பி, உங்கள் தாயார் வேறு என்னென்ன மாத்திரை எடுக்கிறார்? ரிபோசிக்ளிப் இதயத்தின் மின்னோட்டத்தில் கியூ.டி. என்று சொல்லும் இடைவெளியை நீட்டக்கூடியது. அதனால் தொடங்கும் முன்பும் பதினான்காம் நாளையொட்டியும் ஈ.சி.ஜி. எடுப்பார்கள். அதே இடைவெளியை நீட்டும் வேறு மருந்தை ஏற்கெனவே எடுப்பவருக்கு அதைத் தவிர்ப்பார்கள். அபெமாசிக்ளிப் என்றால் வயிற்றுப்போக்கு. மோனார்க்-3இல் பத்தில் எட்டுப் பேருக்கு ஏதோ ஓர் அளவில் இருந்தது. மருத்துவர் எழுதும் மருந்து, ஆய்வில் முதலிடம் வந்த மருந்தாக இல்லாமல் அந்த உடம்பு தாங்கும் மருந்தாக இருப்பது உண்டு.

பால்போசிக்ளிப் கல்லீரலில் சி.ஒய்.பி.3ஏ என்ற நொதியால் உடைகிறது. அந்த நொதியைத் தடுப்பவை மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும், தூண்டுபவை இறக்கிவிடும். பூஞ்சைக்குத் தரும் இட்ரகோனசோல், சில தொற்றுகளுக்குத் தரும் கிளாரித்ரோமைசின் ஆகியவை ஏற்றும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், வலிப்புக்குத் தரும் ஃபெனிட்டாயின் ஆகியவை இறக்கும். நம் நாட்டில் காசநோய் மருந்து எடுப்பவர்கள் குறைவில்லை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். ஆங்கிலக் கையேடுகளில் 'கிரேப்ஃபுரூட்' சாப்பிடக் கூடாது என்று இருப்பதைப் பார்த்துத் திராட்சை என்று எண்ணி அதை நிறுத்திவிட்டு, பம்பளிமாசைத் தாராளமாக உரித்துச் சாப்பிட்ட ஒரு அம்மாவை நான் அறிவேன். அது திராட்சை அன்று. பம்பளிமாஸ் அதன் நெருங்கிய உறவு, அதே நொதியைத் தடுக்கும் பொருள் அதிலும் உண்டு. தவிர்க்க வேண்டியது பம்பளிமாஸ்.

மூலிகைப் பொடி, லேகியம் எது கொடுத்தாலும் மருத்துவரிடம் காட்டிவிட்டுக் கொடுங்கள். பலரும் பயந்துகொண்டு சொல்லாமல் விடுகிறார்கள். அப்படி விட்டால் ரத்த எண்ணிக்கை ஏன் விழுந்தது என்று அவர் வேறெங்கோ தேட வேண்டியிருக்கும்.

கேப்சூலாக இருந்தால் உணவோடு கொடுக்க வேண்டும். வாந்தி எடுத்துவிட்டால் அன்றைக்கு இன்னொன்று கொடுக்கக் கூடாது. மறுநாள் வழக்கமான நேரத்தில் கொடுத்தால் போதும்.

மலிவு விலையில் வரும் ஜெனரிக் மருந்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எல்லோரும் என்னிடம் கேட்பதால் சொல்கிறேன். இந்தியாவில் பால்போசிக்ளிப்பின் காப்புரிமை 2023 ஜனவரியில் முடிந்தது. அதன்பின் பல இந்திய நிறுவனங்கள் தயாரிக்கத் தொடங்கி, விலை பழைய விலையில் ஒரு சிறு பகுதியாக இறங்கியது. அதற்கு முன் ஒரு சுற்று வாங்கிவிட்டு அடுத்த சுற்றுக்கு வராமல் போனவர்களின் சீட்டுகள் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. மருத்துவர் எழுதிய நிறுவனத்தின் மருந்தையே தொடர்ந்து வாங்குங்கள், ரசீதையும் அட்டையில் உள்ள தொகுதி எண்ணையும் எடுத்து வையுங்கள். விலை குறைந்ததால் மருந்தும் தரம் குறைந்தது என்று எண்ண வேண்டாம்.

குடந்தைவாசி எழுதியது:

அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. உங்கள் பதில்களை அச்செடுத்துத் தங்கைக்கும் படித்துக் காட்டினேன்.

மருந்தாளுநர் அம்மா கேட்டதும் மாத்திரைப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். இதயத் துடிப்பு ஒழுங்கில்லாமல் போனதற்காக என் தாயார் இரண்டு ஆண்டுகளாக அமியோடரோன் எடுக்கிறார். முதல் சந்திப்பிலேயே மருத்துவர் அந்தச் சீட்டை வாங்கிப் படித்தது நினைவுக்கு வந்தது. ஏன் கேட்கிறார் என்று அன்று எனக்குப் புரியவில்லை.

மருந்தாளுநர்_விருதை எழுதியது:

அமியோடரோன் கியூ.டி. இடைவெளியை நீட்டும் மருந்துகளில் முதன்மையானது. அதோடு சேர்த்து ரிபோசிக்ளிப்பைத் தவிர்க்கவே சொல்லியிருக்கிறது. மருத்துவரிடம் ஒருமுறை நேரில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஆனால் காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

குடந்தைவாசி எழுதியது:

இன்று மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தோம். காரணம் அதுவேதான், கேட்டதும் ஈ.சி.ஜி. தாளை எடுத்து விரலால் தொட்டுக் காட்டினார். நியூட்ரோஃபில் 1,380க்கு ஏறியிருக்கிறது. அதே 125 மி.கி.யில் இரண்டாம் சுற்றைத் தொடங்கச் சொன்னார். மறுபடி இதே போல விழுந்தால் 100க்குக் குறைப்பதாகவும், பலோமா ஆய்வுகளில் அளவு குறைக்கப்பட்டவர்களுக்கு நோய் முன்னேறாத காலம் குறைந்ததாகத் தெரியவில்லை என்றும் அவராகவே சொன்னார். பதினைந்தாம் நாள் மீண்டும் ரத்தப் பரிசோதனை, மூன்றாம் சுற்று முடிந்ததும் ஸ்கேன்.

24.8, 19.3 என்ற எண்களைப் பற்றி நான் அவரிடம் கேட்கவில்லை. இடுப்பு வலி எப்படி இருக்கிறது என்று அவர் கேட்டபோது, போன வாரம் முதல் வலி மாத்திரை இல்லாமலே மாடிப்படி ஏறுவதாக என் தாயார் சொன்னார். எனக்கே அது தெரியாது. தாமிரபரணி அண்ணா சொன்னபடி தெர்மாமீட்டர் வாங்கி வைத்துவிட்டேன்.

தாமிரபரணி எழுதியது:

நல்லது தம்பி. பதினைந்தாம் நாள் அறிக்கை வந்ததும் இங்கே எழுதுங்கள். எங்கள் வீட்டில் ஊசியின் மூன்றாம் மாத ஸ்கேனும் அந்த வாரம்தான்.